ஆக்கி ராஸின் முகத்துக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு

அன்புள்ள ரசிகர்களுக்கு,

'ஃபைனல் ஃபேன்டஸி' என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டுத் தொடரின் பெயரில் வந்த படம் 'ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்'. நிஜ மனிதர்கள் போன்ற முகங்களை முழுக்கக் கணினியிலேயே செய்த படம், அதன் நாயகிதான் ஆக்கி ராஸ். 2001 ஜூலை 11-ஆம் தேதி அமெரிக்காவில் வெளியானது. அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. படத்தின் பெயரை யாராவது எடுத்தால் போதும். ஒருவர் "காலத்தை முந்திய படம்" என்பார். அடுத்தவர் "எல்லாம் பிளாஸ்டிக் பொம்மை" என்பார். மூன்றாமவர் "இதற்கும் அந்த விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார். அதோடு பேச்சு முடிந்துபோகும். இந்த மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கோரிக்கை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் அனிமேஷன் வேலையில் இருக்கிறேன். கதாபாத்திரங்களின் முகத்துக்கு அசைவு கொடுப்பது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஷாட் முடித்துக் கொடுத்தேன். நான்கு விநாடிதான். ஒரு பெண் கையில் இருக்கும் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும். திரையில் ஓட்டிப் பார்த்த மேற்பார்வையாளர், "ஆக்கி ராஸ் மாதிரி இருக்கு" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பெயரே போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

தப்பைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கண்ணாடி முன்னால் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் கீழே பார்க்கும்போது கருவிழி மட்டும் இறங்குவதில்லை, மேலிமையும் அதோடு கூடவே இறங்குகிறது. விழியின் முன்பக்கம் கொஞ்சம் புடைத்திருப்பதால், கண் பக்கவாட்டில் திரும்பினால்கூட இமை லேசாக மேடுகட்டி நகர்கிறது. நான் கருவிழியை இறக்கியிருந்தேன், இமையை அப்படியே விட்டிருந்தேன். அதனால் அந்தப் பெண் கடிதம் படிக்கிறவள் மாதிரி இல்லாமல், எதையோ பார்த்துத் திடுக்கிட்டவள் மாதிரி இருந்தாள். இமையைச் சரிசெய்தேன். ஷாட் ஒப்புதல் வாங்கிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் படத்தைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் அந்த மேற்பார்வையாளர் பேசியது போலத்தான் இருக்கிறது. "ஏதோ சரியில்லை" என்ற உணர்வு எல்லோருக்கும் வருகிறது. அது எங்கே சரியில்லை என்று யாரும் தேடுவதில்லை. கையில் கிடைத்தது முகம், அதனால் பழியை முகத்தின் மேல் போட்டுவிடுகிறோம். படம் சறுக்கியதற்குப் பெரிய காரணம் முகமில்லை, எழுத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன். முகத்தைச் செய்தவர்கள், எழுத்தின் கடனையும் சேர்த்து இத்தனை வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் முகத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்களோடு பேசிவிடுகிறேன். உங்கள் உணர்வு பொய் என்று சொல்லவே மாட்டேன். 1970-இல் ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி ஒரு சிறிய கட்டுரையில் இதைத்தான் எழுதினார். ஒரு பொம்மை மனிதச் சாயலை நெருங்க நெருங்க அதன் மேல் நமக்குப் பிரியம் கூடிக்கொண்டே போகும், மிகவும் நெருங்கிய ஓர் இடத்தில் சட்டென்று பள்ளத்தில் விழுகிற மாதிரி அந்தப் பிரியம் அருவருப்பாகிவிடும் என்றார். அவர் கொடுத்த உதாரணம் ஒரு செயற்கைக் கை. பார்க்க நிஜக் கை போலவே இருக்கும். கைகுலுக்கினால் சில்லென்று, எலும்பில்லாமல் இருக்கும். அந்த நொடியில் உடம்பு கூசும். ஆக்கியைப் பார்த்தபோது உங்களுக்கு வந்தது அதுதான். இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் 'அன்கேனி வேலி' என்ற பெயர் அங்கிருந்து வந்ததே.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அதே படத்தில் டாக்டர் சிட் என்ற கிழவர் இருக்கிறார். டொனால்ட் சதர்லேண்ட் குரல் கொடுத்த பாத்திரம். படத்தைத் திட்டுகிறவர்கள்கூட அவரைத் திட்டுவது குறைவு. வழுக்கைத் தலை, கன்னத்துப் புள்ளிகள், நெற்றிச் சுருக்கம், நரைத்த தாடி. அவர் திரையில் வந்தால் அவர் கணினியில் பிறந்தவர் என்பது மறந்துபோகிறது. அவரைச் செய்ததும் அதே குழுதான், அதே மென்பொருள்தான். அப்படியென்றால் ஆக்கியிடமும் படத்தின் இளம் நாயகன் கேப்டன் கிரேயிடமும் மட்டும் ஏன் அந்தக் கூச்சம்?

இருட்டறையில் ஒரு டார்ச்சை எரியவிட்டு உங்கள் விரல்களால் மூடிப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். தோல் சுவர் மாதிரி இல்லை. வெளிச்சம் உள்ளே போய், சதையில் அலைந்து, வேறொரு இடத்தில் சிவப்பேறி வெளியே வருகிறது. இளம் முகத்தின் மென்மை என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். கணினியில் வெளிச்சம் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதாக மட்டும் கணக்குப் போட்டால், வழவழப்பான கன்னம் பீங்கான் மாதிரி ஆகிவிடும். கிழவரின் முகத்தில் சுருக்கமும் புள்ளியும் ரோமமும் அந்தக் குறையை மறைத்துவிடுகின்றன. இளம்பெண்ணின் முகத்தில் மறைக்க ஒன்றும் இல்லை.

சரி, அந்தக் கணக்கை அவர்கள் சரியாகப் போட்டிருக்கக் கூடாதா? போட்டிருக்கலாம், காலம் கொஞ்சம் தள்ளியிருந்தால். தோலுக்குள் வெளிச்சம் எப்படிப் பரவுகிறது என்பதை நடைமுறையில் கையாளக்கூடிய கணக்காக ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டது 2001-இன் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில். அந்த மாநாடு நடந்தது ஆகஸ்டில். படம் ஜூலையில் வந்துவிட்டது. தலைமயிருக்குள் வெளிச்சம் எப்படிச் சிதறுகிறது என்பதற்கான முக்கியமான கணக்கு 2003-இல்தான் வந்தது. பின்னாளில் தோல் கணக்குக்காக அந்த ஆய்வாளர்களுக்கு ஆஸ்கார் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. இப்போது நீங்கள் பார்க்கிற பெரும்பாலான கணினி முகங்களின் கன்னத்தில் அந்தக் கணக்கின் வாரிசு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது இல்லாத காலத்தில் ஆக்கியைச் செய்தவர்கள் வண்ணத்தையும் விளக்கையும் வைத்தே சமாளித்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

உடல் அசைவுக்கு அந்தப் படத்தில் நடிகர்களின் மோஷன் கேப்சர், அதாவது நிஜ அசைவைப் பதிவுசெய்து கணினி உருவத்துக்குக் கொடுக்கும் முறை, இருந்தது. முகம் அப்படி வரவில்லை. அனிமேட்டர்கள் கையால், கீஃப்ரேம் கீஃப்ரேமாக, அதாவது அசைவின் முக்கியமான நிலைகளை ஒவ்வொன்றாக வைத்து அசைத்தது. உடம்பு நிஜ மனிதருடைய வேகத்தில் நடக்கிறது, முகம் அனிமேட்டருடைய வேகத்தில் பேசுகிறது. இரண்டும் எங்கெங்கே சேர மறுக்கின்றன என்று தேடிப் பாருங்கள். "பிளாஸ்டிக்" என்ற ஒற்றைச் சொல்லைவிட அது உங்களுக்கு அதிகம் காட்டும்.

அடுத்து, படத்தைக் கொண்டாடுகிறவர்கள். உங்களோடுதான் எனக்குக் கொஞ்சம் கோபம். நானும் உங்கள் பக்கம்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். யாராவது படத்தைக் குறை சொன்னால் நீங்கள் உடனே எண்களை எடுத்து நீட்டுகிறீர்கள். ஆக்கியின் தலையில் 60,000 முடி, ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது. படத்தில் 1,41,964 ஃப்ரேம், ஒரு ஃப்ரேமை ரெண்டர் செய்ய, அதாவது கணினி அதை முழுப் படமாக வரைந்து முடிக்க, சராசரியாக ஒன்றரை மணி நேரம். ஹோனலூலுவில் 960 கணினிகள் அதற்காகவே ஓடின. எல்லாம் நிஜம். ஒரே கணினியில் ஓட்டியிருந்தால் 24 வருடம் ஆகியிருக்கும், நானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த எண்கள் ஒரு படத்துக்கு வக்காலத்து ஆகுமா? அதே 2001 நவம்பரில் 'மான்ஸ்டர்ஸ், இன்க்.' வந்தது. அதில் சல்லி என்ற ராட்சதனின் உடம்பில் 20 லட்சத்துக்கும் மேல் முடி. அதை எண்ணிப் பார்த்து யாரும் அந்தப் படத்தை நேசிக்கவில்லை. தன்னோடு ஒட்டிக்கொண்ட குட்டிப் பெண்ணைப் பிரியும்போது அவன் முகம் என்ன ஆனது என்பதற்காக நேசித்தார்கள். முடிக்கணக்கைச் சொல்லிச் சொல்லி நீங்கள் ஆக்கியை அருங்காட்சியகத்தில் வைக்கும் பொருளாக ஆக்கிவிட்டீர்கள். அவள் என்ன உணர்ந்தாள் என்று நீங்களும் பேசுவதில்லை, எதிர்த் தரப்பும் பேசுவதில்லை.

விளையாட்டின் ரசிகர்களே, உங்கள் ஏமாற்றம் நியாயமானது. பெயர் என்பது ஒரு வாக்கு. சுவரொட்டியில் அந்தப் பெயரைப் பார்த்து உள்ளே போனவருக்கு வாளும் இல்லை, மந்திரமும் இல்லை, விளையாட்டில் சவாரி செய்யும் சொக்கோபோ பறவையும் இல்லை. சிட் என்ற பெயரும், பூமிக்கு உயிர் உண்டு என்ற எண்ணமும் மட்டும் தெரிந்த முகமாக நின்றன. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். உங்கள் தொடரில் எண் மாறும்போதெல்லாம் உலகமும் மாறியது, மனிதர்களும் மாறினார்கள். ஏழில் இருந்தவர்கள் எட்டில் இல்லை. அப்படிப் பார்த்தால் புதிய உலகம், புதிய ஆட்கள் என்று போனது தொடரின் சொந்த வழக்கம்தான். உங்களுக்குக் கிடைக்காமல் போனது வேறு. பத்துப் பதினைந்து மணி நேரம் கூடவே நடந்த பிறகு ஒரு பாத்திரம் செத்தால் நெஞ்சு அடைக்கும். இங்கே கிரேயின் படையைச் சேர்ந்த ரயன், நீல், ஜேன் மூவரும் நமக்குப் பழக்கமாவதற்குள் அடுத்தடுத்துச் சாகிறார்கள். நீலும் ஜேனும் சாகிற இடத்தில் அவர்களுக்குள் ஏதோ இருந்தது என்று அப்போதுதான் நமக்குத் தெரியவருகிறது. அது முகத்தின் குற்றமா? யார் எவ்வளவு நேரம் திரையில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்களின் குற்றம்.

பூமிக்கு உயிர் உண்டு என்ற 'கையா' தத்துவம் அறிவியலில் நிற்காது என்று வாதாடும் அறிவியல் புனைகதை வாசகர்களிடம் நீளமாகப் பேச எனக்கு எதுவும் இல்லை. நிற்காதுதான். அது உருவகம், அப்படியே எடுத்துக்கொண்டால் போதும்.

இனி எழுத்து. கதை 2065-இல் நடக்கிறது. 34 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு விண்கல் விழுந்தது, அதோடு வந்த ஃபேன்டம்கள் தொட்ட மனிதரின் உயிரைப் பறிக்கின்றன. மிச்சமிருக்கும் மனிதர்கள் தடுப்புச் சுவருக்குள் நகரங்களை வைத்து வாழ்கிறார்கள். ஜெனரல் ஹெய்ன் அந்தக் கூட்டத்தை விண்வெளிப் பீரங்கியால் அழிக்கப் பார்க்கிறார். ஆக்கியும் சிட்டும் எட்டு ஆவிகளைத் தேடிச் சேர்த்து வேறு வழியில் தீர்க்கப் பார்க்கிறார்கள். இதுவரை வழக்கமான கதைதான். நடுவில் ஒன்று வருகிறது. ஃபேன்டம்கள் படையெடுத்து வந்தவர்களே அல்ல. தங்களுக்குள் போரிட்டு அழிந்த ஒரு கிரகத்தின் இறந்தவர்கள். கிரகம் வெடித்துச் சிதறியபோது அதன் துண்டான அந்த விண்கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்து விழுந்திருக்கிறார்கள். தாங்கள் செத்துப்போனதே அவர்களுக்குத் தெரியாது.

தமிழில் இந்தக் கதையை யோசித்துப் பாருங்கள். நமக்கு ஆவி என்றால் உயிர், மூச்சு. ஆவி என்றால் செத்தவர் திரும்பி வருவதும்தான். ஆக்கி தேடிச் சேர்க்கும் எட்டும் ஆவி, அவளைத் துரத்துகிறவையும் ஆவி. ஆங்கிலத்தில் அந்தப் படம் இரண்டு பெயர் வைத்துப் பிரித்துக் காட்டியதை நம் மொழி ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. கதையின் முடிச்சும் அதுதான், இரண்டும் ஒன்று. இவ்வளவு பெரிய துக்கத்தைக் கையில் வைத்திருந்த படம் அது. இயக்குநர் ஹிரோனோபு சகாகுச்சி தன் அம்மாவை ஒரு விபத்தில் இழந்தவர். ஆக்கி என்பது அவருடைய அம்மாவின் பெயர். செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்ற கேள்வியை அவர் ஒப்புக்குக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பாத்திரங்கள் அனுபவிக்க விடாமல் வசனம் எழுதியவர்கள் விளக்கவுரையாக ஆக்கிவிட்டார்கள். எது நடந்தாலும் ஒருவர் நின்று அதை நமக்குப் புரியவைக்கிறார். ஜெனரல் ஹெய்னின் மனைவியும் மகளும் சான் ஃபிரான்சிஸ்கோ தாக்குதலில் இறந்தவர்கள். படத்திலேயே மிகவும் நெஞ்சைச் சுடும் விஷயம் அது. அவர் எதிரியாகப் பார்க்கும் ஃபேன்டம்களும் அவரைப் போலவே எல்லாவற்றையும் இழந்தவர்கள். இதை வைத்து எப்பேர்ப்பட்ட ஒரு காட்சி எழுதியிருக்கலாம்! ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு, அப்புறம் அவரைச் சாதாரண வில்லனாகப் பீரங்கி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட வசனத்தைக் கையில் கொடுத்து முகத்தில் உயிரைக் கொண்டுவா என்றால், எந்த அனிமேட்டராலும் முடியாது. நல்ல நடிகர்களே இப்படிப்பட்ட வசனத்தில் கல்லாய்ப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். அப்போது நாம் அவர்கள் தோலைக் குறை சொல்வதில்லை.

படத்துக்கு ஆன செலவு சுமார் 13.7 கோடி டாலர் என்கிறார்கள். உலகம் முழுக்கச் சேர்த்து வசூல் சுமார் 8.5 கோடி. படத்தைச் செய்த ஸ்குவேர் பிக்சர்ஸ் நிறுவனம் 2002-இல் மூடப்பட்டது. மூடுவதற்கு முன், 'மேட்ரிக்ஸ்' படத்தின் உலகை வைத்த 'அனிமேட்ரிக்ஸ்' குறும்படத் தொகுப்புக்காக அவர்கள் செய்த சில நிமிடக் குறும்படம் 2003-இல் வெளியானது. அதைப் பார்த்தவர்கள் முகத்தைப் பற்றிப் புலம்பியது நினைவிருக்கிறதா? அந்தப் பேச்சு மிகக் குறைவு. கதை சின்னது, பேச்சு கம்மி, ஓட்டம் அதிகம். கிட்டத்தட்ட அதே கைகள்தான்.

இன்னொரு கூட்டத்தையும் விடக்கூடாது. அந்த வருடம் அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தவர்கள். ஆக்கியை வேறு படங்களில் வேறு வேடங்களில் நடிக்க வைக்கலாம் என்று சகாகுச்சி ஆசைப்பட்டார். டாம் ஹாங்க்ஸ் போன்ற பெரிய நடிகரே கணினி நடிகர்கள் வந்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டார். அன்று அதைக் கேட்டவர்கள் மிகையான பயம் என்று நினைத்திருக்கலாம். 2023-இல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களின் முகத்தையும் உடலையும் கணினியில் நகலெடுத்துப் பயன்படுத்துவது பேச்சுவார்த்தையில் முக்கியமான சிக்கலாக இருந்தது. பயந்தவர்கள் பயந்தது சரி. ஆனால் ஆக்கி அந்தப் பயத்தின் உருவம் இல்லை என்று நான் சொல்வேன். மிங்-னா வென் அவளுக்காகக் குரல் கொடுத்தார், இன்னொருவர் நடந்தார், வேறு சிலர் அவள் புருவத்தை நாள்கணக்கில் நகர்த்தினார்கள். ஒருவரைத் திருடி அவளைச் செய்யவில்லை, பலர் தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் செய்தார்கள். இந்த வித்தியாசம் இன்று எங்களுக்கு ஒவ்வொரு நாளும் தேவைப்படுகிறது. அதனால்தான் 'ஆக்கி மாதிரி இருக்கு' என்பதை ஒரு வசவாகக் கேட்க எனக்கு இப்போதும் சகிக்கவில்லை.

கோரிக்கை இதுதான். படத்தில் ஆலோசனை சபை கூடும் காட்சி ஒன்று உண்டு. சிட் தன் தத்துவத்தை விளக்குவார், ஹெய்ன் எதிர்ப்பார், கடைசியில் ஆக்கி தன் உடம்பிலேயே ஃபேன்டம் தொற்று இருப்பதை எல்லோர் முன்னும் காட்டுவாள். அந்தக் காட்சியை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு முகங்களை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை திரையை மூடிவிட்டு வசனத்தை மட்டும் கேளுங்கள். எந்த முறை உங்களுக்குப் பொறுமை போனது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முகம்தான் என்று உங்களுக்குத் தோன்றினால் எந்த இடத்தில், கண்ணா, வாயா, கன்னமா என்று எனக்கு எழுதுங்கள். உட்கார்ந்து ஒவ்வொரு ஃப்ரேமாக உங்களோடு பார்க்க நான் தயார்.

அன்புடன்,
முகங்களோடு வேலை செய்யும் ஒரு அனிமேட்டர்